மற்றவை இல்லாத பட்டியல்

என் கைப்பையில் எப்போதும் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் இருக்கும். காலையில் எழுந்ததும் அன்றைய வேலைகளை எண் போட்டு எழுதிக்கொள்வேன். முடித்ததை அடிப்பேன். கடைக்குப் போக ஒரு பட்டியல், பயணத்துக்கு ஒரு பட்டியல், யாரிடமாவது சங்கடமான விஷயத்தைப் பேச வேண்டியிருந்தால் அதற்கும் ஒரு பட்டியல். இந்தப் பழக்கத்தில் எனக்கு நிறையப் பெருமை இருந்தது. நான் போட்ட ஒரு பட்டியலால் அம்மாவின் வேலை போக இருந்த அந்த நாள் வரை.

தொண்ணூறுகளின் பிற்பாதி. பாலிடெக்னிக்கில் கணினி படித்து முடித்துவிட்டு மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மருத்துவப் பயிற்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீடு கிள்ளானில். அம்மாவும் நானும் மட்டும். துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, நான் பள்ளியில் படிவம் மூன்றில், பதினைந்து வயதில் இருந்தபோது மாரடைப்பில் இறந்துபோனார். அதன் பிறகு என்னைப் படிக்க வைத்தது அம்மாவின் சம்பளம். அம்மா கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு அட்டெண்டன். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, மலச்சட்டி எடுப்பது. இருபது வருடத்துக்கும் மேலாக அதே வார்டு, அதே வெளிர்நீல யூனிஃபார்ம்.

அம்மாவின் வேலையைச் சொல்லும் இந்த வாக்கியங்களை இப்போது தயங்காமல் எழுதுகிறேன். அன்று எழுதியிருக்க மாட்டேன். பள்ளிக்கூடப் படிவங்களில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'மருத்துவமனை ஊழியர்' என்று எழுதுவேன். அலுவலகத்தில் யாராவது கேட்டால், "அம்மா ஹாஸ்பிட்டல்ல வேலை செய்றாங்க" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வேன். மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். "ஓ, மிசியா?" என்பார்கள். இங்கே நர்ஸைப் பேச்சில் மிசி என்றும் எழுத்தில் தாதி என்றும்தான் சொல்வோம். நான் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. பொய் சொல்லாத வரை தப்பில்லை என்று நினைத்திருந்தேன்.

மையத்தில் என் வேலை, இணையத்தில் ஒரு கூட்டு நூலகத்தை அமைப்பது. எங்கள் தலைவர் முன்பு வார்டு நர்ஸாகவும் பிறகு நர்சிங் ஆசிரியையாகவும் இருந்தவர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண்மணி. அலுவலகத்தில் ஆங்கிலம்தான் பேசுவார், மனம் கலங்கினால் மட்டும் தமிழ் வரும். நூலகம் அவருடைய யோசனை. ஒரு நோயாளியின் கட்டிலுக்கு ஒரே நாளில் ஐந்து பேர் வருகிறார்கள். டாக்டர், நர்ஸ், மருந்தாளர், பிசியோ, உணவியலாளர். ஒருவர் படித்தது அடுத்தவருக்குத் தெரியாது. ஒருவர் சொல்லிவிட்டுப் போனதும் அடுத்தவருக்குத் தெரியாது. ஒவ்வொரு தொழில்காரரும் தாங்கள் கற்றுக்கொடுப்பதை ஒன்றிரண்டு பக்கத்தில் எழுதி ஒரே இடத்தில் வைத்தால், எல்லாரும் எல்லாருடையதையும் படிக்கலாம், மாணவர்களும் படிக்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். சில மருத்துவமனைகளும் இரண்டு நர்சிங் பள்ளிகளும் சேர்ந்திருந்தன.

பக்கங்களில் யாருடைய பெயரும் வராது. அது தலைவரின் விதி. பெயர் போட்டால் பெரிய டாக்டர்கள் எழுதியதை மட்டும்தான் படிப்பார்கள் என்றார். அதற்குப் பதிலாக, எழுதியவரின் தொழில், மருத்துவமனை, வார்டு, தொலைபேசி நீட்டிப்பு எண். சந்தேகம் இருந்தால் படிப்பவர் வார்டுக்கே அழைத்துக் கேட்கலாம்.

பக்கத்தைச் சேர்ப்பதற்கான படிவத்தை நான் செய்தேன். தலைப்பு, மொழி, யாருக்காக, எழுதியவரின் தொழில். தொழிலை அவரவர் இஷ்டத்துக்குத் தட்டச்சு செய்யவிட்டால் ஒருவர் 'பிசியோ' என்பார், இன்னொருவர் 'இயன்முறை மருத்துவர்' என்பார், தேடும்போது குழப்பம் வரும். அதனால் பட்டியல் ஒன்றைக் கொடுத்து அதிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்தேன். டாக்டர், தாதி, மருந்தாளர், பிசியோ, தொழில்முறைச் சிகிச்சையாளர், உணவியலாளர், எக்ஸ்ரே, ஆய்வுக்கூடம், சமூகநல அலுவலர். ஒன்பது.

தலைவர் என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துவிட்டு, கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று வேண்டாமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

'மற்றவை' என்று முடிகிற பட்டியல் யோசித்து முடிக்காத பட்டியல் என்றேன். எல்லாத் தொழிலையும் நான் கணக்கில் எடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் சிரித்து, என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலை அன்று முழுவதும் நினைத்து மகிழ்ந்தேன்.

அம்மாவின் தொழில் அந்த ஒன்பதில் இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையல்ல. அந்தத் தொழிலை நினைக்காமல் இருப்பதற்கு என் மனம் பல வருடங்களாகப் பழகியிருந்தது. பட்டியல் போடும்போதும் அது தன் வேலையைச் செய்தது.

ஆரம்ப மாதங்களில் நூலகத்தில் பக்கங்கள் குறைவு. மோடம் கரகரவென்று கத்தி இணைப்பு கிடைப்பதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம். பலர் பிளாப்பி தட்டில் கொண்டுவந்து என்னிடமே கொடுத்துவிடுவார்கள். அப்படி அடிக்கடி வருபவர் ஓர் இளம் பிசியோ. வேறொரு மருத்துவமனைக்காரர். வாய் சும்மா இருக்காது, எதற்கும் ஒரு 'லா' சேர்த்துப் பேசுவார்.

"என்னலா மிஸ், உங்க லைப்ரரி என் ஸ்ட்ரோக் பேஷண்ட்ட விட மெதுவா நடக்குது?"

"அவரு உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி இதவிட வேகமா நடந்திருப்பாரு" என்பேன்.

பக்கவாதம் வந்தவர்களுக்குச் சாப்பாடு ஊட்டுவது பற்றி அப்போது மூன்று பக்கங்கள் இருந்தன. ஒன்று ஓர் உணவியலாளருடையது, ஒன்று ஒரு நர்ஸுடையது, ஒன்று இந்தப் பிசியோ உட்கார வைப்பதைப் பற்றி எழுதியது. மூன்றும் ஆங்கிலம். வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தமிழில் ஒன்று வேண்டும், மூன்றையும் சேர்த்து ஒரு பக்கமாக்கிக் கொண்டு வா என்று தலைவர் என்னிடம் கொடுத்தார். எனக்கு மருத்துவம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வீட்டில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழாக்கி, சரியாகக் கேட்கிறதா என்று வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் மறுநாளைக்கு யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீர்த்த உணவு கொடுக்கவும்..."

அம்மா சிரித்துவிட்டார். "யாரு எழுதுனது? ஒரு நாளாச்சும் ஊட்டிப் பாத்திருக்காங்களா?"

"ஏம்மா?"

"அந்த நேரத்துக்குத்தான் பிசியோ வந்து மனுசன நடக்க வெச்சிட்டுப் போயிருப்பாரு. அவரு மூச்சு வாங்கிட்டு இருப்பாரு. அப்ப வாயில ஊத்துனா எங்க போகும்? நெஞ்சுக்குள்ளதான் போகும். மிசி வந்து மாத்திரையத் தண்ணியோட குடுன்னு சொல்லுவாங்க. தண்ணிதான் இருக்கறதுலயே மோசம். கஞ்சியாச்சும் மெதுவா போகும். தண்ணி ஓடிப் போயி தப்பான வழியில பூந்துரும்."

"அப்ப நீங்க என்ன செய்வீங்க?"

"ட்ரே கடைசியா என் கைக்குத்தான வருது. பிசியோ போயி கொஞ்ச நேரம் விடுவேன். நிமிர்ந்து உக்கார வெச்சு, தாடைய லேசா எறக்கச் சொல்லுவேன். நல்லா இருக்கற கன்னத்துப் பக்கமா சின்ன ஸ்பூன வெப்பேன். வெச்சிட்டு தொண்டையப் பாப்பேன். உள்ள லிஃப்ட் மாதிரி ஒன்னு மேல போயி கீழ வரும். லிஃப்ட் கீழ வராம அடுத்த ஸ்பூன் கெடையாது. டிவி பாத்துக்கிட்டே ஊட்டுற புள்ளைங்களப் பாத்தா எனக்கு அப்படியே அறையலாம்னு வரும்."

நான் மொழிபெயர்ப்பை ஒதுக்கிவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். "மொதல்ல இருந்து சொல்லுங்க."

அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். பதினொரு குறிப்புகள் வந்தன. ஊட்டி முடித்ததும் செயலிழந்த கன்னத்துக்குள் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது, அரைமணி நேரமாவது படுக்க விடாமல் இருப்பது, இருமினால் முதுகைத் தட்டிக்கொண்டே அடுத்த வாய் கொடுக்காமல் மிசியைக் கூப்பிடுவது, பேச்சு போனவரிடமும் இன்றைக்கு என்ன சாப்பாடு என்று சொல்லிவிட்டு ஊட்டுவது. உணவியலாளருடையது, பிசியோவுடையது, நர்ஸுடையது எல்லாம் அதில் இருந்தன, அவை ஒன்றோடொன்று மோதாத நேரமும் ஒழுங்கும் சேர்ந்து இருந்தன. தலைவர் நூலகத்தை எதற்காக அமைத்தாரோ, அது எங்கள் வீட்டு இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் கிடைத்தது.

"இத எங்க போடப் போற?"

"இன்டர்நெட்லமா. எல்லா ஆஸ்பத்திரியிலயும் படிப்பாங்க."

"டாக்டருங்களுமா?"

"டாக்டருங்களும்தான்."

அம்மா ஏற்கெனவே இஸ்திரி போட்டு முடித்த காலரை எடுத்து இன்னொரு முறை தேய்த்தார்.

மறுநாள் அலுவலகத்தில் பக்கத்தைத் தட்டச்சு செய்தேன். லிஃப்ட் என்ற சொல்லைக்கூட மாற்றவில்லை. அவ்வளவு நேர்மை. கடைசியில் 'எழுதியவரின் தொழில்' வந்தது. அதைத் தேர்ந்தெடுக்காமல் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகாது, அப்படிச் செய்து வைத்தவள் நான்தான். பட்டியலைத் திறந்தேன். ஒன்பது வரிகள்.

பத்தாவது வரி ஒன்றைச் சேர்க்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். அந்தக் கட்டடத்தில் அதைச் செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் சேர்த்தால் தலைவர் கேட்பார். எழுதியது யார் என்று கேட்பார். எல்லாத் தொழிலையும் கணக்கில் எடுத்துவிட்டேன் என்று சொன்னாயே என்றும் கேட்கலாம். இரண்டாவது வரியில் 'தாதி' இருந்தது. அதை அழுத்தினேன். கிள்ளான், மூன்றாம் வார்டு, நீட்டிப்பு எண். படிவம் தடையில்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனது. நோட்டுப் புத்தகத்தில் அந்த வேலையை அடித்தேன்.

அடுத்த சில வாரங்களில் நூலகத்திலேயே அதிகம் படிக்கப்பட்டது அந்தப் பக்கம்தான். நர்சிங் பள்ளி ஒன்று அச்செடுத்து மாணவிகளுக்குக் கொடுத்தது. மலாய் மொழியில் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். தலைவர் கூட்டங்களில் அதைக் காட்டினார். இது போல எழுதுங்கள் என்றார். நான் பக்கத்தில் நின்று ஓவர்ஹெட் புரொஜெக்டரில் தாள்களை மாற்றிக்கொண்டிருந்தேன்.

பிசியோ வந்தார். "இந்த மூனாவது வார்டு மிசி யாருலா? நான் நாலு வருஷம் படிச்சத அவங்க ஒரு லிஃப்ட்ல வெச்சு முடிச்சிட்டாங்க. என் பேஷண்ட்டுங்க எல்லாரையும் இப்ப தொண்டையப் பாத்துப் பாத்தே பயமுறுத்துறேன்."

"தெரிஞ்சவங்கதான்."

"ஃபோன் பண்ணிப் பேசப் போறேன்."

"கெடைக்க மாட்டாங்க. ஷிஃப்ட் மாறிக்கிட்டே இருக்கும்."

"பரவால்லலா. மிசிங்ககிட்டப் பேசுறதுன்னா எத்தன தடவ வேணாலும் அடிப்பேன்."

அங்கேயே சொல்லியிருக்கலாம். நான் அவர் கொண்டுவந்த பிளாப்பியில் வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்க ஆரம்பித்தேன்.

ஒரு வியாழக்கிழமை மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா யூனிஃபார்மோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலை ஷிஃப்ட் முடிந்து வந்தால் முதலில் குளித்துவிட்டுத்தான் எதையும் தொடுவார். எதிரே மேசையில் ஒரு கடித உறை.

"ஷோ காஸ் லெட்டராம். படி."

ஆங்கிலத்தில் இருந்தது. பொதுமக்கள் பார்க்கும் ஓர் ஆவணத்தில் தன்னை நர்ஸ் என்று காட்டிக்கொண்டதற்கும், தகுதியில்லாமல் நோயாளிப் பராமரிப்பு பற்றி அறிவுரை எழுதியதற்கும் ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். தவறினால் பணிநீக்கம் வரை நடவடிக்கை எடுக்கப்படலாம். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பணிநீக்கம் என்ற வரியை மட்டும் தாண்டினேன்.

"வேலைய விட்டு நிறுத்துவோம்னு போட்டிருக்கா?"

"...இருக்கும்மா."

"ரிட்டயராக ரெண்டு வருஷம்தான் இருக்கு, அம்பத்தஞ்சுக்கு." விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு மடக்கினார். "யாரோ வார்டுக்கு ஃபோன் பண்ணி லிஃப்ட் கதை எழுதுன மிசி இருக்காங்களான்னு கேட்டிருக்காங்க. லிஃப்ட்னு சொன்னதும் எல்லாரும் என்னையப் பாத்திருக்காங்க. நான்தான அப்படிச் சொல்றது. மேட்ரன் கூப்பிட்டு ஒரு பேப்பரக் காட்டுனாங்க. நான் என்னத்தக் கண்டேன். இன்னைக்கு அந்தச் சின்ன மிசி, போன வருஷம் வந்த புள்ள, கதவத் தொறந்து விட்டு 'வாங்க மிசி, உள்ள வாங்க'ன்னு சிரிக்குது. நான் எங்கயாச்சும் என்னைய மிசின்னு சொல்லியிருக்கனா? நீயே சொல்லு."

"இல்லம்மா."

"அப்புறம் எப்படி?"

"ஏதோ தப்பா பதிவாயிருக்கு. நான் சரி பண்ணிடறேன்."

அம்மா தலையை ஆட்டினார். "கம்ப்யூட்டருன்னாலே அப்படித்தான்" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார் என்பது அவருடைய குரலில் தெரிந்தது. வேலை போகப் போவது அவருக்கு. தேறுதல் எனக்கு. நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் அலுவலகத்தைத் திறக்கும்போதே உள்ளே நுழைந்தேன். பஸ்ஸில் பட்டியல் தயாராகியிருந்தது. ஒன்று, தொழில் பட்டியலில் 'வார்டு அட்டெண்டன்' சேர்ப்பது. இரண்டு, அம்மாவின் பக்கத்தில் தொழிலை மாற்றுவது. மூன்று, கணினிக் கோளாறு என்று கிள்ளானுக்கு ஒரு ஃபேக்ஸ். முதல் இரண்டையும் பத்து நிமிடத்தில் முடித்தேன்.

ஆனால் நூலகத்தில் ஒரு பக்கத்தை யார் மாற்றினாலும் பழைய வடிவம் அழியாது. 'முந்தைய வடிவம்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் முன்பு என்ன இருந்தது, யார் எப்போது மாற்றினார் என்பதெல்லாம் தெரியும். ஒருவர் எழுதிய மருந்து அளவை இன்னொருவர் சத்தமில்லாமல் மாற்றிவிடக் கூடாது என்பதற்காக நான் செய்து வைத்தது. அதை அழுத்திப் பார்த்தேன். 'தாதி' என்று இருந்தது. பதிவு செய்தவர் என்ற இடத்தில் என் ஊழியர் எண். அந்தச் சுவடையும் அழிக்கும் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. அதைப் பாதி தட்டச்சு செய்துவிட்டேன்.

தலைவர் உள்ளே வந்தார். கையில் ஒரு ஃபேக்ஸ் தாள். கிள்ளான் மேட்ரன் அனுப்பியது. யார் இந்த நர்ஸ், ஏன் அப்படி ஒருவர் இல்லை என்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் அம்மா, மேடம்" என்றேன். "அவங்க நர்ஸ் இல்ல."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தமிழ் வந்தது.

"உம்மட அம்மாவோ? தான் நர்ஸ் எண்டு அவ சொன்னவவோ?"

"இல்ல. அவங்களுக்குத் தெரியாது. நான்தான் போட்டேன்."

"ஏன் பிள்ளை?"

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன். அவர் திரையைப் பார்த்தார். பத்து வரிகள் இருந்தன. பத்தாவதைப் படித்தார்.

"நான் அண்டைக்கு உம்மட்டக் கேட்டனான். நீர் கெட்டிக்காரத்தனமாய் ஒண்டு சொன்னீர், நானும் சிரிச்சிட்டுப் போயிட்டன். முப்பது வருஷம் வார்டிலே நிண்டனான், எனக்கும் அந்த ஆக்கள் ஞாபகம் வரேல்லை." பிறகு, பாதியில் நின்றிருந்த என் கடவுச்சொல்லைப் பார்த்துவிட்டு, "என்னத்தை அழிக்கப் போறீர்?"

"பழைய வடிவத்த."

"அது கிடக்கட்டும். மேட்ரனுக்கு நான் கடிதம் தாறன். தபாலிலே இல்லை. நீர் கொண்டு போய், உம்மட வாயாலே சொல்லும்."

கிள்ளானுக்குத் திரும்பும் பஸ்ஸில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்று என்று எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் எழுத வரவில்லை.

மேட்ரன் அறை சின்னது. மேட்ரன் தமிழர்தான், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "உக்காருங்க மிஸ்" என்றார். உட்கார்ந்தேன். அம்மாவை வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். பிளாஸ்டிக் ஏப்ரனோடு வந்து கதவோரம் நின்றார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. அம்மா நிற்க நான் உட்கார்ந்திருப்பது எனக்கு உறைப்பதற்குள் மேட்ரன் கடிதத்தைப் பாதி படித்துவிட்டார். எழுந்து நின்றேன். அவருடைய பிள்ளை என்று அந்த நேரத்திலாவது தெரியட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

சொன்னேன். அம்மா சொன்னதை நான் எழுதினேன், தொழிலைத் தேர்ந்தெடுத்தது நான், அம்மாவுக்கு எதுவும் தெரியாது, அது கணினிக் கோளாறும் இல்லை.

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றினார். "மூனு வருஷம் படிச்சு, நைட் ஷிஃப்ட் பாத்து, பரீட்சை எழுதித்தான் அந்தத் தொப்பிய வாங்கறோம். நீங்க ஒரு விரல்ல அழுத்திக் குடுத்துட்டீங்க. அதப் படிச்சிட்டு யாராவது தப்பா எதாச்சும் செஞ்சு ஒரு உயிர் போச்சுன்னா, கேள்வி எந்த மிசிகிட்ட வரும்? என் புள்ளைங்ககிட்ட வரும்."

அது நியாயமான கோபம். அந்தப் பக்கத்திலிருந்து நான் யோசித்தே இருக்கவில்லை.

"மன்னிச்சிருங்க மேட்ரன். தண்டனை எதுவா இருந்தாலும் எனக்குக் குடுங்க. அவங்களுக்கு வேணாம்."

"நீங்க என் ஸ்டாஃப் இல்லையே."

அம்மா இப்போது என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மேட்ரன் அங்கே இருப்பதையே மறந்துவிட்டது போலிருந்தது.

"அட்டெண்டன்னே போட வேண்டியதுதான?"

"லிஸ்ட்ல அது இல்லம்மா."

"லிஸ்டு யாரு போட்டது?"

"நான்தான்."

அம்மா தரையில் ஏதோ கிடப்பதைப் பார்ப்பது போலக் கொஞ்சம் குனிந்து பார்த்தார். வெளியே நடையில் சாப்பாட்டு வண்டியின் சக்கரச் சத்தம் வந்தது.

"மேட்ரன், ட்ரே வந்துருச்சு. ஏழாவது கட்டிலு தாத்தாவுக்கு நான்தான் ஊட்டனும். மத்தவங்க குடுத்தா வாயத் தொறக்க மாட்டாரு. போகட்டுமா?"

மேட்ரன் கொஞ்சம் தயங்கினார். "போங்க" என்றார். அம்மா கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு, என்னைப் பார்க்காமல், "எழுதுனதுல தப்பு ஒன்னும் இல்ல. நான் ரெண்டு தடவ படிச்சேன்" என்றார்.

அடுத்த வாரம் ஷோ காஸ் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வேலை தப்பியது. ஆனாலும் அம்மாவின் கோப்பில் அது பற்றி ஒரு குறிப்பு இருந்தது, ஓய்வு பெறும் வரை இருந்தது.

மேட்ரனைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலையே நான் சமையலறை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீ ஃபார்ம் ஃபோர்ல இருந்தப்ப ரிப்போர்ட் கார்ட் வாங்க வந்தேன், ஞாபகம் இருக்கா?" என்றார். "உன் டீச்சரு, 'ஓ, நீங்கதான் அவங்க அம்மாவா, எந்த வார்டு மிசி'ன்னு கேட்டாங்க. நீ பக்கத்துலதான் நின்ன. என் முகத்தப் பாக்கல, செவுத்தப் பாத்த. நானும் மூனாவது வார்டுன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்."

எனக்கு அது ஞாபகம் இருந்தது. அம்மா கவனிக்கவில்லை என்று இத்தனை வருடமாக நம்பியிருந்தேன்.

"அன்னைக்கு உனக்காக விட்டேன். சின்னப் புள்ளன்னு." கத்தியை வைத்துவிட்டு நறுக்கியதைச் சட்டியில் அள்ளிப் போட்டார். "இப்ப நீயா ஒரு லிஸ்டு போடுற ஆளா ஆனப்புறமும் என்னைய அதுல சேக்கல."

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவேயில்லை. சமைத்தார், சாப்பிடக் கூப்பிட்டார், என் சட்டையையும் சேர்த்துத்தான் இஸ்திரி போட்டார். வார்டில் நடந்த கதைகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். எவ்வளவு பேசியிருக்கிறார் என்பது அவை நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எல்லாத் தொழில்காரர்களும் சேரும் பகிர்வு நாளுக்கு வரச் சொல்லி தலைவர் அம்மாவுக்குத் தமிழில் ஓர் அழைப்பு எழுதினார். லீவு கிடைக்காது என்று அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். பிசியோதான் ஒரு நாள் தானாகவே கிள்ளானுக்குப் போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா ஊட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார். "உங்க அம்மா என்னைய விடலலா மிஸ். வேடிக்க பாக்க வந்தியா, ட்ரேயத் தூக்குன்னுட்டாங்க. ஏழு பேருக்குத் தூக்குனேன்" என்றார். வார்டில் இப்போது அம்மாவை யாராவது கேலி செய்கிறார்களா என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பட்டியலில் பத்தாவது வரி சேர்ந்த பிறகு, வேறு மருத்துவமனைகளிலிருந்து அட்டெண்டன்கள் எழுதிய பக்கங்கள் வந்தன. எழுத வராதவர்கள் சொல்ல, மற்றவர்கள் எழுதியவை. பதினொன்றாவதாகச் சமையல்கட்டு ஊழியர், பன்னிரண்டாவதாக ஆம்புலன்ஸ் ஓட்டுநர். கடைசியில் 'மற்றவை' என்றும் ஒன்று சேர்த்தேன். யாரும் சொல்லவில்லை. அம்மாவின் பக்கத்தில் 'முந்தைய வடிவம்' பொத்தான் அப்படியே இருக்கிறது. அழுத்தினால் 'தாதி' என்று வரும், கீழே என் எண்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, யூனிஃபார்மை விரித்துப் போட்டுக்கொண்டே அம்மா தானாகக் கேட்டார். "படுக்கையிலயே குளிப்பாட்டுறது பத்தி உங்க லைப்ரரில இருக்கா?"

"ஒன்னு இருக்கும்மா. நர்ஸ் ஒருத்தங்க எழுதுனது."

"தண்ணி ஆறிப் போறதப் பத்தி எழுதியிருக்காங்களா?"

"இல்ல."

"எழுத மாட்டாங்க. அவங்க வாளியத் தூக்குறதில்லயே. புக்க எடு."

எடுத்தேன். புதுப் பக்கம் திருப்பி, ஒன்று என்று எண் போட்டேன்.

"அது இருக்கட்டும். மொதல்ல மேல எழுது."

"என்னம்மா எழுத?"

"யாரு சொன்னதுன்னு."

எழுதினேன்.

"படி."

அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்திருக்கிறேன், நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். மேட்ரனிடமும் தலைவரிடமும்கூட அதைச் சொல்லாமலே பேசி முடித்திருந்தேன். வாய்விட்டு ஒருமுறையும் சொன்னதில்லை என்பது அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது. அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"வார்டு அட்டெண்டன்" என்றேன்.

"கேக்கல."

"வார்டு அட்டெண்டன், மூனாவது வார்டு, கிள்ளான்."

"ம்ம்" என்றார் அம்மா. "இப்பப் போடு, ஒன்னாவது."